ஆத்துல தண்ணி விட்ட கதை

எங்க பிரஸ்ஸுக்குள்ள வந்த முகம் எதுவும் வந்த நிறத்தோட வெளிய போனதில்ல. சிவகாசியில அச்சுத் தொழில்ல இருக்கவுக அம்புட்டுப் பேருக்கும் அந்தக் கை வந்துரும். கல்யாணப் பத்திரிகையோ, கட்சி போஸ்டரோ, வெடி டப்பா லேபிளோ, படத்த சிஸ்டத்துல ஏத்துன உடனே முகத்துக்குக் கொஞ்சம் வெளுப்பு, கன்னத்துல ரோசு, வானத்துக்கு நீலம், புல்லுக்குப் பச்சை. யாரும் கேட்டுச் செய்யிறதில்ல. எலை போட்டதும் தண்ணி தெளிக்கிற மாதிரி அது பாட்டுக்கு நடக்கும். நான் பல வருசமா கலர் கரெக்ஷன் சீட்டுல உக்காந்திருக்கேன். ஆதார் அட்டையத் தவிர வேற எந்தப் படத்துலயும் நானே என் நிறத்துல இல்ல.

எனக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஊரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் காத்துக் கெடந்தே காலத்த ஓட்டுனவுக. நான் டிப்ளமா படிச்சு, வெடி மருந்துக்குத் தப்பிச்சு அச்சு மைக்கு வந்தவ. கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவேங்கிறதால வெளிநாட்டு ஆர்டருக்கு மெயில் போடுறது, போன்ல பேசுறது எல்லாம் என் தலையில. முதலாளிய நாங்க அண்ணாச்சின்னு கூப்பிடுவோம். அவருக்கு இங்கிலீஷ் எட்டாது. ஆனா எந்த நாட்டுக்காரன் வந்தாலும் காப்பி குடுத்து, கையப் பிடிச்சு, ஆர்டர வாங்கிருவாரு. மனுசன் தங்கம். அந்தத் தங்கந்தான் பின்னாடி எனக்குத் தலைவலியாப் போச்சு.

ஆப்பிரிக்காப் பக்கம் ஒரு குட்டி நாடு. பேரு வேண்டாம். அந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எங்க பிரஸ்தான் நோட்டு அடிச்சு அனுப்பும். டெல்லியில இருக்க அவுக தூதரகத்துல இருந்து ஒரு அதிகாரி ஒருநா நேர்லயே வந்து எறங்குனாரு. சித்திரை வெயில்ல கோட்டு. எங்க ஊரு வெயிலுக்குக் கோட்டுப் போட்டுட்டு வந்த ஆள நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அண்ணாச்சி பதறிப்போயி காத்தாடிய அவரு பக்கம் திருப்பி வச்சாரு. "சார் நல்லா இருக்கீகளா, சாப்பிட்டீகளா"ன்னு தமிழ்லயே கேட்டாரு. அவரும் என்ன புரிஞ்சுச்சோ, நல்லாத் தலையாட்டுனாரு.

அவரு சொன்னத நான் அண்ணாச்சிக்குத் தமிழ்ல சொன்னேன். விசயம் இதுதான். பணக்கார நாடு ஒண்ணு ஏழை நாடுகளுக்குப் பெரிய உதவி குடுக்குது. கேட்டவுகளுக்கெல்லாம் குடுக்காது, தகுதி பாத்துத்தான் குடுக்கும். இவுக மந்திரி ஊரூராப் பறந்து ஆதரவு கேக்குறாரு. எந்தத் தலைநகரத்துக்குப் போனாலும் பெரிய ஓட்டல்ல விருந்து வச்சு, எங்க நாட்டுல சாப்பாட்டுக்கே கஷ்டம்னு பேசிட்டு வர்றாக. கடைசியா ஒரு கமிட்டி உக்காந்து முடிவு சொல்லும். அந்தக் கமிட்டி கையில குடுக்க ஒரு படப் புத்தகம் வேணும். வழவழத் தாள்ல, பக்கம் முழுக்கப் படம், கீழ ரெண்டு வரி விளக்கம்.

"என்ன படம்?"னு கேட்டாரு அண்ணாச்சி.

"கஷ்டப்படுற படம்"னேன்.

அண்ணாச்சி முகம் சுருங்கிப்போச்சு. காசு குடுத்து, ஆர்ட் பேப்பர்ல, கஷ்டத்தையா?

அதிகாரி பொறுமையா வெளக்குனாரு. ஏழையா இருக்கணும், ஆனா ஒழுங்கான ஏழையா இருக்கணும். ரொம்ப மோசம்னா, இவனுக்குக் குடுத்தா பணம் வீணாப் போகும்பாக. ரொம்ப நல்லா இருந்தா, இவனுக்கு எதுக்குன்னு கேப்பாக. கணக்கு வழக்குச் சரியா இருக்கணும், பொய் சொல்லக் கூடாது, நேர்மைக்குத் தனியா மார்க்கு. எனக்கு இதுல ஒண்ணும் புதுசில்ல. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுக் குடுக்கப் போறப்ப எங்க அம்மா நல்ல சேலை உடுத்தமாட்டா. கிழிஞ்ச சேலையும் உடுத்தமாட்டா. அதுக்குன்னே பொட்டியில நடுத்தரமா ஒரு சேலை மடிச்சு வச்சிருந்தா. ஒரு நாடே கோட்டுப் போட்டுக்கிட்டு அந்தச் சேலையத் தேடிச் சிவகாசிக்கு வந்திருக்குன்னு நெனைக்கவும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

அவரு கொண்டாந்த படங்கள ஒண்ணொண்ணாச் சிஸ்டத்துல தொறந்தப்ப, அந்தச் சிரிப்பு ஒரு படத்துல நின்னுபோச்சு. அகலமான ஆறு, பொட்டுத் தண்ணி இல்ல, எல்லாம் மணல். நடுவுல ஒரு பொம்பள இடுப்பளவு குழிக்குள்ள குனிஞ்சு, அடியில ஊறுற தண்ணிய சுரைக்காய் ஓட்டுல மோந்து பிளாஸ்டிக் கேன்ல ஊத்துறா. நான் என்னை அறியாம "ஊத்து"ன்னுட்டேன். என்னதுன்னு கேட்டாரு. எங்க அம்மா பொறந்த ஊரு சாத்தூர்ப் பக்கம், வைப்பாத்துல நாங்களும் இப்பிடித்தான் ஊத்துத் தோண்டிச் சிரட்டையால மோந்து கொடம் நெறைப்போம்னு சொன்னேன். ஒரு கொடம் நெறையிறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுரும். நெறைஞ்ச பெறகு பின்னால நிக்கிறவ ஏசுவா.

அவரு கோட்டுப் பித்தானக் கழட்டிட்டு நாற்காலிய என் பக்கம் இழுத்துப் போட்டாரு. "அது என் அக்கா"ன்னாரு. "என்னைப் படிக்க வச்சவ. அவ ஊருல வருசத்துல பாதி நாள் ஆறு இப்பிடித்தான். இந்தப் புத்தகத்துல இருக்க ஊருகளுக்குத்தான் மொதக் குழாய். நாடு தேறிட்டா அக்கா வீட்டு வாசலுக்குத் தண்ணி வந்துரும்." மந்திரி படத்தப் பாத்துட்டுச் சரின்னுட்டாராம். சொந்த ஊரைச் சேத்துட்டான்னு யாரும் சொல்லிரக் கூடாதேன்னு, அது தன் அக்கான்னு இவரு வேற எங்கயும் வாயத் தொறக்கலியாம். எங்கிட்டச் சொல்லிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோன்னு முழிச்சாரு. அன்னைக்கே முடிவு பண்ணேன், இந்தப் படத்துல என் கைய வைக்கக் கூடாதுன்னு. மணல் மணலாவே இருக்கட்டும். அந்தம்மா நிறம் அந்தம்மா நிறமாவே இருக்கட்டும்.

அது லேசுப்பட்ட காரியமில்ல, கேட்டுக்கிடுங்க. வெளுக்காம இருக்கதுக்கு எம்புட்டுச் சிரமப்பட்டேன்! விரல் தானாப் போயி பச்சையக் கூட்டும், நான் இழுத்துட்டு வருவேன். புரூஃப் எடுத்து அதிகாரிட்டக் காட்டுனோம். ஒவ்வொரு பக்கமாப் பாத்து, அக்கா பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னு, எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டு டெல்லிக்குப் போயிட்டாரு.

அந்த வாரத்துல எங்க ஊரு அம்மன் கோயில் பொங்கல். எல்லாம் ஓகே ஆயிருச்சு, பிளேட்டுப் போட்டு ஓட்ட வேண்டியதுதான பாக்கின்னு லீவு சொல்லிட்டுப் போயிட்டேன். மாவிளக்கு எடுத்து, மொளப்பாரி பாத்து, மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்தா, பைண்டிங்ல மிச்சம் விழுந்த புத்தகம் ஒண்ணு என் மேசை மேல கெடக்கு. அட்டையில தங்கக் கலர் எழுத்து. தொறந்தேன்.

அடப் பாவிகளா!

வத்திப்போன மாடு பொங்கலுக்குக் குளிப்பாட்டுன மாடு மாதிரி பளபளன்னு நிக்கி. ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்திருந்தவுக மூஞ்சியெல்லாம் நெய் தடவுன மாதிரி. கிழிஞ்ச சட்டையெல்லாம் ஒட்டிப் போச்சு. பள்ளிக்கூடக் கூரையில ஓட்டை இல்ல. பக்கத்தத் திருப்பிக்கிட்டே போனேன். அக்கா பக்கம் வந்துச்சு. ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது! நீலமா, நுரையோட, வெயில் பட்டு மினுமினுன்னு. ஊத்துக் குழிய மூடி அது மேலயே தண்ணி. அதுக்கு நடுவுல அந்தம்மா, கன்னத்துல ரோசோட, கையில சுரை ஓட்ட வச்சுக்கிட்டுத் தண்ணியில வெளாடுறவ மாதிரி குனிஞ்சு நிக்கிறா. கீழ விளக்கத்துல மட்டும், வறண்ட ஆத்துல குடிதண்ணிக்குக் குழி தோண்டும் பெண்ணுன்னு இங்கிலீஷ்ல அப்பிடியே இருக்கு. அதைப் படிச்சுச் சொல்ல நான் இல்லையே அங்கன.

வேலையச் செஞ்சவரு என் பக்கத்து சிஸ்டத்துக்காரரு. காலண்டர் சாமி படம் போடுறதுல ஊருக்கே பெரிய கை. தண்ணி குத்தாலத்துத் தண்ணியாம், ஏதோ பழைய காலண்டர்ல இருந்து எடுத்தது. "நல்லா ஒக்காந்திருக்குல்ல?"ன்னு எங்கிட்டயே கேட்டாரு.

நேரா அண்ணாச்சி ரூமுக்குப் போனேன். "என்ன அண்ணாச்சி செஞ்சு வச்சிருக்கீக?"

"ஏந்தாயி, நல்லா இல்லையா?" அவரு முகத்துல அம்புட்டுப் பெருமை. "மொத ஷீட்டு மிஷின்ல இருந்து வந்துச்சு பாரு, எனக்கு மனசே ஆறல. அழுது வடியுது. சீவனே இல்ல. அந்தப் பிள்ளைக பெரிய மனுசங்க முன்னாடி போயி அழுக்கா நிக்கணுமா? நம்ம வீட்டுப் பிள்ளைன்னா அப்பிடி அனுப்புவமா? தலை சீவிப் பவுடர் போட்டுத்தான அனுப்புவோம். எல்லாப் படத்தையும் மறுபடி செய்யச் சொல்லி, புதுசாப் பிளேட்டுப் போட்டு அடிச்சேன். என் செலவு. அந்த மனுசங்கிட்ட ஒத்தப் பைசா கேக்கல."

"அவுக கேட்டதே அழுக்கா இருக்க படந்தான், அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு."

"யாரு தாயி அழுக்கைக் கேப்பா? சங்கடத்துல சொல்லியிருப்பாரு."

நான் கத்துனேன். அந்தப் பொம்பள யாருங்கிறதையும் சொன்னேன். அவரு கேட்டுட்டு, "அவரு அக்காவா? நல்லவேளை, அவளுக்கு ரோசு கொஞ்சம் கூட வச்சிருக்கு"ன்னாரு. இந்த மனுசங்கிட்ட என்னத்தப் பேச? புத்தகமெல்லாம் கமிட்டி கூடுற ஊருக்கே நேரா விமானத்துல ஏறிப் போயிருச்சு. அதிகாரிக்குப் போன் போட்டேன், எடுக்கல. ஆத்துப் பக்கத்தப் பாருங்கன்னு மெசேஜ் போட்டேன். அவரும் அப்ப விமானத்துலதான் இருந்திருக்காரு; எறங்கிப் பாக்குறதுக்குள்ள புத்தகம் கமிட்டி கைக்குப் போயிருச்சாம்.

பெறகு ஒரு தகவலும் இல்ல. எனக்குச் சோறு எறங்கல. காலண்டர் சீசன் வந்து எல்லாரும் ஓடிக்கிட்டிருந்தப்ப டெல்லியில இருந்து ரெண்டு வரி மெயில் வந்துச்சு. நாடு தேறிருச்சு! உதவி கெடைச்சிருச்சு! அண்ணாச்சி சாத்தூர்ச் சேவு வரவழைச்சு மிஷின்ல நின்ன ஆளு வரைக்கும் குடுத்தாரு. "பாத்தியா, எம்புட்டுக் கத்துன! நம்ம கலருலதான் நாடே பொழைச்சிருக்கு"ன்னு ஒரு பிடி சேவ என் கையில அள்ளி வச்சாரு. எனக்கு நெசமாவே சந்தோசம். நாந்தான் வெவரம் இல்லாமக் கத்திட்டேன்னு கூட நெனைச்சேன். அக்கா வீட்டு வாசலுக்குக் குழாய் வந்துரும்னு நெனைச்சு ரெண்டாம் பிடியும் வாங்கித் தின்னேன்.

அடுத்த வெயில் காலத்துல அதிகாரி மறுபடி வந்தாரு. பதவி ஒசந்திருக்கு, அதே கோட்டு. உதவி வாங்குன நாடு வருசா வருசம் எப்பிடி முன்னேறுதுன்னு புத்தகம் போட்டுக் காட்டணுமாம், அந்த ஆர்டரும் எங்களுக்கே. அண்ணாச்சி அவர் கையப் பிடிச்சுக்கிட்டு, "படத்தப் பத்தி அங்கன பேசுனாகளா, கேளு தாயி"ன்னாரு. கேட்டேன்.

"எல்லாரும் ஆத்துப் பக்கத்தப் பத்தித்தான் பேசுனாங்க"ன்னாரு அவரு. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்லு. காப்பி சொல்லக் கெளம்பிட்டாரு.

அண்ணாச்சி போனதும் நான் கேட்டேன். "சார், அக்கா ஊருக்குக் குழாய் வந்துருச்சா?"

இல்லன்னு தலையாட்டுனாரு. பெறகு மெதுவாச் சொன்னாரு. கமிட்டியில ஒரு பெரியவரு அந்தப் பக்கத்தத் தூக்கிக் காட்டி, "இந்த ஆறு வறண்டதா, ஓடுறதா? எழுத்து ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுதே"ன்னு கேட்டிருக்காரு. ஹாலே சிரிச்சிருக்கு. இவுக மந்திரி திரும்பி இவரைப் பாத்திருக்காரு. "படந்தான் பொய்னு நான் சொன்னா, புத்தகத்துல இருக்க அம்புட்டுப் படமும் பொய்யாப் போயிரும். நாடே வெளிய நிக்கணும். எழுத்துத்தான் தப்புன்னு சொன்னா ஒரு ஊரு மட்டும் வெளிய போகும். யோசிக்க நேரமில்ல. எந்திரிச்சேன். அது நான் பொறந்த ஊரு, எனக்குத் தெரியும், அங்க தண்ணி நல்லா ஓடுது, எழுத்துல தப்பு வந்துருச்சுன்னு சொன்னேன். பொறந்தவனே சொன்னதால நம்பிட்டாங்க. சொந்த ஊருன்னு பாக்காம நேர்மையா ஒத்துக்கிட்டேன்னு கை தட்டுனாங்க. அந்த ஊரப் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. நேர்மைக்கு முழு மார்க்கு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"குழாய் எப்ப வரும்னு ஒவ்வொரு தடவையும் போன்ல கேக்குறா. வரும், வரும்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

அண்ணாச்சி காப்பியோட உள்ள வந்தாரு. நான் ஒண்ணு விடாம அவருக்குச் சொன்னேன். மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது, மறைக்கவும் பிடிக்கல. காப்பி டம்ளரக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. "நல்லதுன்னுதான தாயி செஞ்சேன்"னாரு. கண்ணு கலங்கிருச்சு. "புதுப் புஸ்தகத்துல சரி பண்ணிருவோம்னு சொல்லு. காஞ்ச ஆத்தையே போட்டுருவோம். அவுக அக்காவ உள்ளது உள்ளபடி போடுவோம். இந்தத் தடவை யாரும் கை வைக்கமாட்டாங்க. சொல்லு தாயி."

சொன்னேன். அதிகாரி வேண்டாம்னுட்டாரு. "அந்தப் பக்கம் புதுசுலயும் வரணும்னு கமிட்டியிலயே கேட்டிருக்காங்க. எழுத்தத் திருத்திப் போடணும். ஆறு இப்ப காஞ்சிருந்தா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்னு ஆயிரும். பழைய படத்த எடுங்க."

என் சிஸ்டத்துக்கு வந்தோம். படத்தத் தொறந்தேன். நுரையோட ஆறு கரை முட்டி ஓடுச்சு. அவரு பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. பெறகு விரல நீட்டுனாரு.

"அவள எடுத்துருங்க."

"யாரை சார்?"

"அக்காவ. தண்ணி ஓடுற ஆத்துல இவ குனிஞ்சு என்ன செய்யிறான்னு இன்னொருத்தர் கேட்டா எங்கிட்டப் பதில் இல்ல."

பக்கத்து சிஸ்டத்துக்காரரு அன்னைக்கு ஆத்தத் தனியா, அந்தம்மாவத் தனியாத்தான் வெட்டி வச்சிருந்தாரு. ஒரு தட்டுத் தட்டுனாப் போதும். எத்தன முகத்த வெளுத்திருக்கேன், எத்தன பேரு தழும்பத் தொடைச்சிருக்கேன், ஒருநாளும் இந்தக் கை நின்னதில்ல.

"நான் செய்யமாட்டேன் சார்"னு எந்திரிச்சுட்டேன். "உங்க அக்கா. நீங்களே செஞ்சுக்கோங்க."

கோவிச்சுக்குவாருன்னு நெனைச்சேன். கோவிக்கல. கோட்டக் கழட்டி நாற்காலி முதுகுல போட்டுட்டு என் சீட்டுல உக்காந்தாரு. அக்கா முகத்தப் பெருசாக்கிக் காட்டச் சொன்னாரு, காட்டுனேன். அந்த ரோசுக்குப் பின்னாடி எங்கனயாவது அவ இருக்காளான்னு தேடுன மாதிரி இருந்துச்சு. பெறகு எந்தப் பித்தான அமுக்கணும்னு கேட்டாரு.

சொன்னேன். அமுக்குனாரு. அவ நின்ன எடத்துலயும் தண்ணி ஓடுச்சு.